ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை வாசல்கள்: நீலகிரியிலிருந்து போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

குன்னூரில் பல வருடங்கள் வரலாறு சொல்லிக்கொடுத்தேன். பள்ளிப் பிள்ளைகளை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கூட்டிப்போவது எங்கள் வழக்கம். ஓய்வுபெற்ற பிறகும் தெருக்காரர்கள், பழைய மாணவர்கள், அவர்களுடைய சம்பந்தி வீட்டார் என்று யாராவது கிளம்புவதற்கு முந்தின நாள் வந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

டீச்சர், ஸ்ரீரங்கப்பட்டணம்னா ரங்கநாதர் கோயில்தானே? அங்க கோட்டை வாசலைப் போய் என்னத்தப் பார்க்கிறது?

கோயிலும் கோட்டைக்குள்தான் இருக்கிறது. ஊரே காவிரி இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்வதால் உண்டான தீவு. அந்தத் தீவின் மேற்குப் பாதியில் மதில் சுற்றிய பழைய தலைநகரம் இருக்கிறது. மைசூர் ராஜ்யம் 1610 முதல் 1799 வரை இங்கிருந்துதான் ஆளப்பட்டது. நீங்கள் கோயிலுக்குப் போகும்போதே ஏதோ ஒரு இடத்தில் மதிலைத் தாண்டித்தான் போகிறீர்கள். வேன் வேகமாகப் போவதால் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

கோயில், திப்புவின் கோடை அரண்மனையான தரியா தௌலத், அவருடைய சமாதியான கும்பஸ், அப்புறம் மைசூர் அரண்மனை என்று நாலையும் ஒரே நாளில் அடைத்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். வாசல்களுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஊரின் கதை முழுக்க யார் எந்த வாசலில் உள்ளே வந்தார்கள், யார் எந்த வாசலில் உள்ளே வர முடியாமல் போனார்கள் என்பதில்தான் இருக்கிறது.

மொத்தம் எத்தனை வாசல்?

பெயர் சொல்லிக் காட்டுகிறவை ஐந்து. கிழக்கே பெங்களூர் வாசல், தெற்கே மைசூர் வாசலும் ஆனை வாசலும், வடக்கே டெல்லி வாசலும் தண்ணீர் வாசலும். பெங்களூர், மைசூர், டெல்லி வாசல்களுக்கு, சாலை எந்த ஊர்த் திசையில் போனதோ அந்த ஊரின் பெயர். நம் ஊர்களிலும் கீழவாசல், மேலவாசல் என்று சொல்வதில்லையா, அதைப் போலத்தான்.

இது திப்பு சுல்தான் கட்டின கோட்டைதானே?

இல்லை. விஜயநகர அரசின் அனுமதியோடு அந்த வட்டாரத் தலைவர் ஒருவர் 1454-ல் கோட்டையைக் கட்டினார். விஜயநகரத்தின் பிரதிநிதிகள் அதில் இருந்தார்கள். 1610-ல் ராஜ உடையார் அதைக் கைப்பற்றினார். ஹைதர் அலி ஆட்சியைப் பிடித்தது 1761-ல். திப்பு பட்டத்துக்கு வந்தது 1782-ல்.

ஆக, திப்பு கைக்கு வரும்போதே அது முந்நூறு வருடத்துக்கு மேல் பழையது. பீரங்கிக் காலத்துக்கு ஏற்ப மதிலைக் கனமாக்கியதும், உள்ளே இரண்டாவது மதிலும் அகழியும் வைத்து இறுக்கியதும் திப்பு காலத்து வேலை. பிரெஞ்சுக்காரர்களின் உதவியும் அதில் இருந்தது. கோயில் இன்னும் பழையது. அதன் தொடக்கம் 894, கங்கர் காலம்.

ஊட்டியிலிருந்து காலையில கிளம்பினா ராத்திரி வீட்டுக்கு வந்திடலாமா?

வரலாம். ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மசினகுடி, தெப்பக்காடு, பந்திப்பூர், குண்டல்பேட்டை, நஞ்சன்கூடு வழியாக மைசூர் சுமார் 125 கிலோமீட்டர். கூடலூர் சுற்றிப் போனால் 155 வரை வரும். மைசூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் இன்னும் 15 கிலோமீட்டர் சொச்சம். ஊருக்குள் நுழையாமல் ரிங் ரோட்டைப் பிடித்தால் அரை மணி நேரம் மிச்சமாகும். பத்தரை மணிக்கு அங்கே இருந்தால் நல்ல நேரம்.

திரும்பும்போதுதான் சிக்கல். பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். ஒருமுறை எங்கள் வண்டி மைசூரில் சாப்பாட்டுக்கு நின்று தாமதமாகி, 9 மணி தாண்டித்தான் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. பதினெட்டுப் பிள்ளைகளோடு குண்டல்பேட்டைக்குத் திரும்பி, ஒரு கல்யாண மண்டபத்துத் திண்ணையில் ராத்திரியைக் கழித்தோம். பெற்றோர்களுக்கு அன்றைக்குத் தூக்கமே இல்லை. அதனால் நாலு மணிக்கு மேல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நிற்காதீர்கள். ராத்திரி மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு வரும் கல்லட்டி மலைப்பாதையில் ஏறவும் வேண்டாம், தூரம் கூடினாலும் கூடலூர் வழியே வாருங்கள்.

போகும்போது கல்லட்டியில இறங்கலாமா? விட மாட்டாங்கன்னு சொல்றாங்களே.

நீலகிரிப் பதிவெண், அதாவது டிஎன் 43 வண்டியாக இருந்தால் இறங்கலாம். வெளியூர் வண்டிகளை அந்த 36 வளைவுகளில் கீழே இறங்க விடுவதில்லை. கோயம்புத்தூர் மச்சான் காரில் போகிறீர்கள் என்றால் கூடலூர் வழிதான்.

வண்டி இல்லாதவங்க என்ன பண்றது?

ஊட்டியிலிருந்து மைசூருக்குத் தமிழ்நாட்டு பஸ்ஸும் கர்நாடக பஸ்ஸும் ஓடுகின்றன. நாலு முதல் ஐந்து மணி நேரம் ஆகும். மைசூரில் நகரப் பேருந்து நிலையத்தில் மாறிக்கொள்ளலாம், அல்லது ரயில் ஏறலாம். நான் ரயிலைத்தான் சொல்வேன். பாதை கோட்டைக்குள்ளாகவே போவதால், ஜன்னலிலிருந்தே மதில் தெரியும். பஸ்ஸில் போகிறவர்கள் ஒரு ராத்திரி மைசூரில் தங்கிவிடுவது நல்லது. ஒரே நாளில் முடிக்க நினைத்தால் பஸ்ஸில் உட்கார்ந்தே பொழுது போய்விடும்.

டிக்கெட் எவ்வளவு?

வாசல்களுக்கும் மதிலுக்கும் டிக்கெட் கிடையாது. அவை தெருவோடு தெருவாக இருக்கின்றன. தரியா தௌலத்துக்கு மட்டும் தொல்லியல் துறையின் கட்டணம் உண்டு.

எந்த மாசம் போனா நல்லது?

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை. நம் குளிருக்குப் பழகியவர்களுக்கு ஏப்ரல், மே மாதத்து வெயில் அங்கே தாங்காது. தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் மதிலோரம் நடக்க முடியாது.

ஜூலை, ஆகஸ்டில் கிருஷ்ணராஜசாகர் அணையைத் திறந்தால் காவிரி தீவின் இரு பக்கமும் நுரைத்துக்கொண்டு ஓடும். பார்க்க அழகுதான். ஆனால் தண்ணீர் வாசல் பக்கம் ஆற்றை ஒட்டி இறங்கவே கூடாது. பாறையெல்லாம் பாசி. எங்கள் பையன் ஒருவன் அங்கே சறுக்கி விழுந்து முழங்கை பெயர்ந்தது. ஆனால் அந்தப் பெருக்கை ஒருமுறையாவது பாலத்திலிருந்து பாருங்கள். இந்தக் கோட்டைக்கு முதல் அகழி ஆறுதான் என்பது அப்போது தெரியும்.

வாசல்னா ஒரு வளைவு, அவ்வளவுதானே? அதுல நின்னு என்னத்தக் கவனிக்கணும்?

முதலில் வண்டியை விட்டு இறங்குங்கள். வாசலுக்கு வெளியே நாற்பது, ஐம்பது அடி தள்ளி நின்று, எதிரியாக வருகிறவன் கண்ணால் பாருங்கள். அகழி எங்கே இருந்திருக்கும், மேலே கைப்பிடிச் சுவரில் சுடுவதற்கான துளைகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன, வாசலுக்குப் பக்கத்தில் கொத்தளம் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறதா? கொத்தளம் அப்படித் தள்ளி நிற்பது எதற்கென்றால், கதவை உடைக்க வருகிறவனைப் பக்கவாட்டில் சுடுவதற்கு.

அப்புறம் உள்ளே நடங்கள். நடந்தபடியே காலடியை எண்ணுங்கள். மதிலின் கனம் அப்போது புரியும். பொதுவாகக் கோட்டை வாசல்களில் பாதை நேராகப் போகாது, திரும்பும். யானையை ஓடவிட்டுக் கதவை முட்டித் திறக்க முடியாதபடி செய்த ஏற்பாடு அது. இரண்டு பக்கமும் காவல்காரர்கள் இருக்க மாடமோ திண்ணையோ இருக்கும். கீழே தரைக்கல்லிலும் மேலே உத்தரக்கல்லிலும் வட்டமான குழிகள் தென்பட்டால் விரல் வைத்துப் பாருங்கள். கதவின் குடுமி சுழன்ற இடம் அது. நம் பாட்டி வீட்டுக் கதவுக்கும் அதே குடுமிதான். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிட்டால் போதும், அப்புறம் அவர்களே தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

கடைசியாக, கல்லைப் பாருங்கள். கருங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த வேலை. செதுக்காத கல்லும் பொளிந்த கல்லும் ஒரே சுவரில் அடுத்தடுத்து வரும் இடங்கள் உண்டு. முந்நூறு வருடத்துக்கு மேலாக ஒவ்வொருவரும் கட்டிச் சேர்த்தது அது.

தண்ணீர் வாசல்னு சொல்றாங்களே, அது எதுக்கு?

ஆற்றுக்கு இறங்குவதற்கு. வடக்கு மதிலைத் துளைத்துக்கொண்டு காவிரிப் பக்கம் திறக்கும் வளைவுப் பாதை அது. தண்ணீர் எடுக்கவும் ஆற்றங்கரைக்குப் போகவும் பயன்பட்டது. கன்னடத்தில் ஹொளெ திட்டி பாகிலு என்கிறார்கள். ஹொளெ என்றால் ஆறு. திட்டி பாகிலு நம்முடைய திட்டிவாசலேதான், பெரிய கதவுக்குள் வைக்கும் சிறிய கதவுக்கு நாம் சொல்லும் அதே சொல். எனக்கு இந்த ஊரில் ரொம்பப் பிடித்த இடம் இது. நண்பகலிலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். ஒரு பக்கம் ஊர்ச் சத்தம், மறு பக்கம் ஆற்றுச் சத்தம்.

திப்பு அந்த வாசல்லதான் செத்தாரா?

1799 மே 4. ஆங்கிலேயக் கம்பெனிப் படை முற்றுகை தொடங்கி ஒரு மாதம். மேற்கு மூலையில் பீரங்கிகளால் மதிலைத் தகர்த்துவிட்டார்கள். மதியம் ஒரு மணி வாக்கில் டேவிட் பெயர்ட் தலைமையில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் பதுங்கு குழிகளிலிருந்து எழுந்து, தண்ணீர் குறைந்திருந்த காவிரியைக் காலால் கடந்து உடைப்பில் ஏறினார்கள். திப்பு சாப்பாட்டில் இருந்தபோது அவருடைய தளபதி சையத் கஃபார் இறந்த செய்தி வந்தது. கை கழுவிக்கொண்டு வடக்கு மதிலுக்குப் போனார். சாதாரண சிப்பாயைப் போல நின்று சுட்டார்.

தாக்கியவர்கள் மதில் மேலேயே இரண்டு பக்கமும் பிரிந்து ஓடி வந்தார்கள். திப்பு மதிலோரமாகவே பின்வாங்கி, உள் மதிலின் வாசல் வழியாக நகருக்குள் போக முயன்றார். அங்கே தப்பி ஓடுகிறவர்களும் உள்ளிருந்து வெளியே முண்டுகிறவர்களும் சேர்ந்து வாசல் அடைபட்டுப் போனது. அந்த நெரிசலில் காயம்பட்டு விழுந்தார். பல்லக்கில் கிடத்தினார்கள். இடுப்பிலிருந்த வாள்வாரைப் பறிக்க வந்த ஒரு சிப்பாயை அவர் வெட்ட, அவன் சுட்டுவிட்டான். இரவில் தீவட்டி வெளிச்சத்தில் பிணக்குவியலுக்குள் தேடித்தான் உடலைக் கண்டுபிடித்தார்கள். உயிர் போய்விட்டதா என்று நாடி பார்த்தவர் ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர்.

பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது நான் வாசலுக்குள் நின்றுதான் சொல்வேன். ஒரு ராஜா, தன் சொந்தக் கோட்டைக்குள், தன் சொந்த வாசலில் நுழைய முடியாமல் போனார். அதைச் சொல்லி முடித்ததும் எந்த வகுப்பும் சத்தம் போட்டதில்லை.

கைடு ஒரு கல்லைக் காட்டி இதுதான் இடம்னார். தண்ணீர் வாசல் போர்டு வேற எங்கேயோ இருக்கு. எது சரி?

இரண்டும் வேறு வேறு இடம். உடல் கிடைத்த இடத்தில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள், சுற்றிக் கம்பி வேலி. இன்று தண்ணீர் வாசல் என்று நாம் நுழைந்து பார்ப்பது ஆற்றை ஒட்டிய வெளி மதிலில் இருப்பது. மேலே சொன்ன நெரிசல் நடந்தது உள் மதிலின் வாசலில். உள் மதிலின் பெரும்பகுதி இன்றைக்கு இல்லை. அதனால்தான் கல் மட்டும் தனியாக, வாசல் இல்லாமல் நிற்கிற மாதிரி இருக்கிறது. இரண்டும் நடந்துபோகும் தூரம்தான். முதலில் கல், அப்புறம் வாசல் என்று போனால் குழப்பம் வராது.

மீர் சாதிக் கதவைத் திறந்துவிட்டதாலதான் கோட்டை விழுந்துச்சுன்னு சினிமாவிலயும் காட்டுறாங்களே?

மீர் சாதிக் திப்புவின் அமைச்சர். ஆனால் கோட்டைக்குள் யாரும் கதவைத் திறந்து நுழையவில்லை. உடைப்பு வழியாக ஏறினார்கள். அந்த உடைப்பு இருந்த இடத்தில் மைசூர் அரசு 1907-ல் நட்ட நினைவுத்தூண் இருக்கிறது. நேரம் இருந்தால் அங்கே நின்று ஆற்றைப் பாருங்கள். எதிர்க்கரை எவ்வளவு பக்கம் என்பதைப் பார்த்தாலே பீரங்கி எப்படி வேலை செய்தது என்று புரியும்.

மீர் சாதிக் மேல் சொல்லப்படும் குற்றம் வேறு. சம்பளம் கொடுக்கிறேன் என்று சொல்லி, தாக்குதல் நேரத்தில் உடைப்புப் பக்கம் நின்ற வீரர்களை விலக்கினார் என்பது. அன்றைக்கே திப்புவின் ஆட்கள் அவரைக் கொன்றுவிட்டதாகவும் சொல்கிறார்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஆனால் பருவம் என்ற இன்னொரு காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜூனில் மழை இறங்கினால் காவிரி பெருகும், முற்றுகை போட்டவன் கூடாரத்தைச் சுருட்ட வேண்டும். திப்பு அந்த மழைக்காகக் காத்திருந்தார். எதிரியும் அதற்கு முன் முடிக்கத்தான் அவசரப்பட்டான். இன்னும் சில வாரங்கள் மதில் தாங்கியிருந்தால் ஆறே காவல் காத்திருக்கும். கூடலூரில் வருடா வருடம் நம்மை நனைக்கும் அதே தென்மேற்குப் பருவமழைதான் அது.

பெய்லி சிறைன்னு ஒண்ணு இருக்காமே? பிள்ளைங்க பயப்படுமா?

பயப்பட மாட்டார்கள். வெள்ளையடித்த, வளைவுக் கூரை போட்ட நீளமான அறை, டெல்லி வாசல் பக்கம். 1780-ல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் மைசூர்ப் படையிடம் பிடிபட்ட ஆங்கிலேயக் கம்பெனியின் கர்னல் பெய்லி 1782-ல் இங்கே சிறையில் இறந்தார். சுவரில் கைதிகளைக் கட்டிய கல் முளைகள் இருக்கின்றன. கூரையைப் பொத்துக்கொண்டு விழுந்த பீரங்கி ஒன்றும் உள்ளேயே கிடக்கிறது. அதே போரில் பிடிபட்டு மூன்றரை வருடத்துக்கு மேல் இந்த ஊரில் கைதியாக இருந்தவர்தான், முன்னே சொன்ன டேவிட் பெயர்ட். 1799-ல் அவர் அந்த உடைப்பில் ஏறியதை இதோடு சேர்த்துப் பாருங்கள். பொள்ளிலூர்ப் போரைத் தரியா தௌலத்தின் சுவரில் ஓவியமாகவே தீட்டி வைத்திருக்கிறார்கள். அதில் பல்லக்கில் உட்கார்ந்திருப்பவர் பெய்லி.

அம்மாவுக்கு முட்டி வலி. எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

பெங்களூர் வாசல் வரை வண்டி போகும். உள்ளே வந்ததும் இரண்டு மினார்களோடு 1787-ல் கட்டிய மசூதி. ஏறி இறங்காமல் அங்கேயே கொஞ்ச நேரம் உட்காரலாம். கோயில் நடை மதியம் சாத்திவிடுவார்கள், அதனால் அம்மாவைக் காலையிலேயே தரிசனத்துக்கு அனுப்பிவிட்டு நீங்கள் வடக்கு மதிலுக்குப் போங்கள். தண்ணீர் வாசலின் நுழைவு வரை அவர்களும் வரலாம். ஆற்றுப் பக்கம் இறங்க வேண்டாம்.

மதில் மேல ஏறி போட்டோ எடுக்கலாமா?

வேண்டாம். சுண்ணாம்பு உதிர்ந்து கல் ஆடும் இடங்கள் நிறைய. மரத்தின் வேர் இறங்கிப் பிளந்த இடங்களும் உண்டு. அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு கால் பட்டும் அந்தக் காரை இன்னும் கொஞ்சம் உதிர்கிறது. பெயர் கிறுக்குகிற பிள்ளையைப் பார்த்தால், அது உங்கள் பிள்ளையாக இல்லாவிட்டாலும் சொல்லுங்கள். நான் சொல்லாமல் விட்டதில்லை.

அங்க ஒரு கட்டடத்தையே பெயர்த்து நகத்தினாங்களாமே, நிஜமா?

நிஜம். ரயில் பாதையை இரட்டிப்பாக்கும்போது திப்பு காலத்து ஆயுதக் கிடங்கு ஒன்று வழியில் நின்றது. இடிக்காமல், சுமார் ஆயிரம் டன் எடையுள்ள அதை அப்படியே தூக்கி 2017-ல் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரயிலில் போகிறவர்கள் கட்டாயம் பாருங்கள்.

கன்னடம் தெரியாதே, வழி கேட்டா புரியுமா?

தமிழிலேயே சமாளித்துவிடலாம், மைசூர்ப் பக்கம் தமிழ் புரிந்தவர்கள் ஏராளம். பாகிலு எல்லி என்றால் வாசல் எங்கே என்று அர்த்தம். படுகர் வீட்டுப் பிள்ளைகள் எங்களோடு வந்தால் எங்களுக்குக் கவலையே இல்லை. படுகு பேசுகிறவர்களுக்குக் கன்னடம் பாதிக்கு மேல் புரிந்துவிடும். மைசூர்ச் சீமையிலிருந்து மலையேறி வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களுடைய மூத்தோர் சொல்லும் வழக்கு. எங்கள் வகுப்பில் ஒரு படுகர் பெண், கோட்டைக்குள் பூ விற்ற பாட்டியோடு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

நம்ம நீலகிரிக்கும் இந்தக் கோட்டைக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய. குன்னூரிலிருந்து லேம்ஸ் ராக் தாண்டித் தெரிகிற துருக்கம் மலை, நாம் பக்காசூரன் கோட்டை என்கிறோமே, அது திப்புவின் காவல் நிலை. கோயம்புத்தூர்ச் சமவெளி முழுவதையும் அங்கிருந்து பார்க்கலாம். இப்போது ஒரு இடிந்த சுவர்தான் மிச்சம். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த 1799-லேயே நீலகிரியும் கம்பெனி கைக்குப் போய், கோயம்புத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தது அதற்கு இருபது வருடம் கழித்து, 1819-ல்.

போவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைத் துருக்கத்துக்குக் கூட்டிப்போங்கள், வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு. முதலில் எல்லையில் தனியாக நின்ற காவல் சுவரைப் பார்த்துவிட்டு, அப்புறம் அது எந்தத் தலைநகரத்துக்காக நின்றதோ அந்த வாசலுக்குள் நுழைந்தால், ஒன்றுக்கொன்று பிடித்துக்கொள்ளும்.

பைக்ல பெங்களூர் எக்ஸ்பிரஸ்வேயைப் பிடிச்சுப் போகலாமா?

2023 ஆகஸ்ட் முதல் அதன் நடுப்பாதையில் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் அனுமதி இல்லை. சர்வீஸ் ரோட்டில் போங்கள். கார்க்காரர்களும் கவனிக்க வேண்டும், நடுப்பாதை ஊருக்குள் நுழையாமல் தாண்டிப் போய்விடும்.

திரும்பி வரும்போது இ-பாஸ் கேப்பாங்களா?

நீலகிரிக்குள் நுழைய வெளியூர் வண்டிகள் இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு அது. டிஎன் 43 வண்டிக்கு வேண்டாம். சொந்தக்காரர் வண்டி வெளிமாவட்டப் பதிவு என்றால் கிளம்பும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. மைசூரில் வாங்கிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களையும் சோதனைச் சாவடிக்கு முன்பே தீர்த்துவிடுங்கள்.

எங்களுக்கு அரை மணி நேரம்தான் இருக்கு. ஒரே ஒரு வாசல்னா எது?

தண்ணீர் வாசல். கோயிலிலிருந்து ஆட்டோக்காரரிடம் ஹொளெ திட்டி பாகிலு என்று சொன்னால் கொண்டுபோய் விடுவார். உள்ளே போய், பேச்சை நிறுத்திவிட்டு, ஆற்றுப் பக்கத்து வெளிச்சத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் நில்லுங்கள்.